சுவருக்குள் வைத்த சீர்

நசரத்பேட்டை,
14.10.95

என் மனைவியின் உடன்பிறந்த தம்பியும், ஆவடி வட்டாரத்தில் நல்ல ஒயர்மேன் என்று பெயரெடுத்தவனுமாகிய ஜம்புலிங்கத்துக்கு, உன் அக்காள் கணவன் இராஜசேகரன் எழுதிக்கொண்டது.

இவ்விடம் நான், உன் அக்காள் முத்தம்மாள், எங்கள் மகள் பேபி ஆகிய மூவரும் கடவுள் புண்ணியத்தில் சௌக்கியம். மூவரில் என் வலது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. அந்த விவரம் கீழே வரும். அவ்விடத்தில் நீயும் சொர்ணமும் குழந்தைகளும் சௌக்கியம்தானா என்று விசாரிப்பது முறை, ஆகையால் விசாரிக்கிறேன். நசரத்பேட்டைக்கும் ஆவடிக்கும் நடுவில் பூந்தமல்லியில் ஒரு பஸ் மாறினால் போதும், இதற்கு எதற்குத் தபால் என்று நீ நினைக்கலாம். இரண்டு வருஷமாக நீ இந்தப் பக்கம் வரவில்லை, நான் அந்தப் பக்கம் வரவில்லை. முதலில் யார் வருவது என்பது இன்னும் முடிவாகாத விஷயம். அதை முடிவு செய்வதற்காக இந்தக் கடிதம் எழுதப்படவில்லை. இது முழுக்க முழுக்க டிவி ஒயர் சம்பந்தப்பட்டது.

முதலில் பழைய விவரத்தை எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எந்த ரிப்போர்ட்டுக்கும் முன்விவரம் என்று ஒரு பத்தி வேண்டும். தொண்ணூற்று மூன்றில் இந்த வீட்டைக் கட்டியபோது, பூச்சு வேலைக்கு முன்னால் நீ உளியும் சுத்தியுமாக வந்து பதினேழு நாள் சுவரையெல்லாம் வெட்டி, பைப் பதித்து, ரூமுக்கு ரூம் டிவி ஒயர் இழுத்தாய். அப்போது எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவியே வரவில்லை. "நாளைக்கு வரும் பாரு அக்கா. அப்போ எல்லார் ஊட்லயும் ஜன்னல்ல ஒயர் தொங்கும், கதவுல ஒயர் தொங்கும். உன் ஊட்ல மட்டும் ஒரு ஒயர் வெளியில தெரியாது. எந்த ரூம்ல வேணா டிவியை வெச்சுக்கோ, இதான் கிரகப்பிரவேசத்துக்கு நான் செய்யற சீர்" என்றாய். உன் அக்காளுக்குத் தலைகால் புரியவில்லை. நானும் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. கிரகப்பிரவேசத்தன்று ஹால் நிறைய ஜனம். என் பெரியப்பா நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, பொண்ணு பொறந்த ஊட்டு சீர் இன்னா வந்துச்சு? குத்துவெளக்கா, பீரோவா, ஒண்ணும் கண்ணுல படலியே" என்று கேட்டார். நான் ஒரு தமாஷுக்கு, "சொவத்துக்குள்ள வெச்சுப் பூசிட்டான் பெரியப்பா, வேணும்னா தட்டிப் பாருங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். விஷயம் அதோடு போயிருக்கும். பெரியப்பா நிஜமாகவே எழுந்து போய்ச் சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "உள்ளதான் கீதுபோல, வெளிய வரமாட்டேங்குதுப்பா" என்று சொன்னதற்கு நான் என்ன செய்ய முடியும்? பந்தியில் உட்கார்ந்திருந்த நீ, சாம்பார் வாளி உன்னிடம் வருவதற்குள் எழுந்து, செருப்பைக்கூடக் காலில் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போனாய். போனவன் போனவன்தான்.

அன்றிலிருந்து உன் அக்காள் உன் பெயரை எடுப்பதில்லை. இரண்டு தீபாவளி, இரண்டு பொங்கல் போய்விட்டது. உங்கள் அப்பா அம்மா போன பிறகு பொறந்த வீடு என்று அவளுக்கு இருப்பது நீ ஒருத்தன்தான், இது எனக்கும் தெரியும். பண்டிகை நாளில் பக்கத்து வீட்டுப் பொம்பளைகள், எங்க அண்ணன் இது கொண்டாந்தாரு, எங்க தம்பி அது கொண்டாந்தான் என்று பேச ஆரம்பித்தால் இவள் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவுவாள். கழுவின பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவுவாள். சண்டை போட்டால் நான் சமாளித்துவிடுவேன், முப்பது வருஷப் பழக்கம். சண்டையே போடாமல் இருப்பதுதான் பேஜாராக இருக்கிறது. இதை ஒரு தகவலுக்காக மட்டும் எழுதுகிறேன், வேறு உள்நோக்கம் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஜூன் மாசத்தோடு ரிடையர் ஆகிவிட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்ஷன் பார்த்தவன், டேக் கட்டாத ஒரு நட்டைக்கூட கேட்டுக்கு வெளியே விட்டதில்லை, கம்பெனியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். போன மாசம் உன் அக்காள் வந்து, பேபிக்குப் பன்னிரண்டாவது பரீட்சை வருது, ஹாலில் டிவி ஓடினால் அவளுக்குப் படிப்பு ஏறவில்லை, டிவியைப் பின் ரூமுக்கு மாத்துங்க என்றாள். மாத்துறதுக்கு ஒயர் வேணுமே என்றேன். "அதான் ரூமுக்கு ரூம் சொவத்துல கீதே" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். நியாயம்தான் என்று மாடிப்படிக்கு மேலே இருக்கிற பரணில் ஏறிப் பார்த்தேன். ஜம்புலிங்கம், அங்கே ஒன்பது ஒயர் தொங்குது. ஒன்பதும் கறுப்பு. ஒன்பதும் ஒரே தடிமன். ஒரு நம்பர் இல்லை, ஒரு சீட்டு இல்லை, ஒரு நூல் கட்டி அடையாளம் இல்லை. இவ்வளவு வேலை தெரிஞ்ச ஒருத்தன் இதை விட்டுட்டுப் போவானா? பதினேழு நாள் சுவரை வெட்டத் தெரிஞ்சவனுக்கு, பதினேழு நிமிஷம் உட்கார்ந்து ஒன்பது துண்டுப் பேப்பரில் எழுதி ஒட்டத் தெரியலையே என்று எனக்கு வந்த கோபத்தை நான் அளந்துதான் எழுதுகிறேன். எங்க கம்பெனியில் நீ வேலை செஞ்சிருந்தா உன் சரக்கு மொத்தத்தையும் ரிஜெக்ட் பண்ணி செவப்பு பெயிண்ட் அடிச்சிருப்பேன்.

சரி, ஆனது ஆச்சுன்னு கேபிள்காரன் உத்தமனைக் கூப்பிட்டேன். அவன் மொபெட்டை ஸ்டாண்டு போடாமலே வந்து, பரணில் ஏறி, ஹாலுக்குப் போயிகினு இருந்த ஒயர்ல இருந்து மெயின் லைனைப் புடுங்கி என் கையில குடுத்து, "நீங்களே ஒண்ணொண்ணா சொருவிப் பாருங்க சார், எதுல படம் வருதோ அதான் பின் ரூமு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். புடுங்கின ஹால் ஒயர் எதுன்னு திரும்பிப் பாக்கறேன், அது மத்த எட்டோட போய் ஒண்ணா தொங்கிகினு கீது. இவ்வளவு நாள் ஒழுங்கா ஓடிகினு இருந்த ஒரே ஒயரும் அந்த நிமிஷத்துல இருந்து தொலைஞ்சுது. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு, ஆனாலும் விடல. நானும் பக்கத்து ஊட்டு கன்னியப்பனும் டிவியைத் தூக்கிகினு போய் பின் ரூம்ல வெச்சோம். உங்க அக்காவை டிவி எதிர்ல உக்கார வெச்சு, படம் வந்தா வருதுன்னு சொல்லு, வரலன்னா வரலன்னு சொல்லுன்னு தெளிவா சொல்லிட்டு மேல போனேன். முதல் ஒயரைச் சொருவினேன். "வரல"ன்னா. ரெண்டாவது. "வரல." இப்படியே ஒம்போதும் வரல. ஆறாவது ஒயரைச் சொருவினப்போ பின் ரூம்ல இருந்து யாரோ பொம்பளை அழற மாதிரி சத்தம் கேட்டுது, "இன்னா அது சத்தம்?"ன்னேன். "பக்கத்து ஊட்டு ரேடியோ"ன்னா. இன்ஸ்பெக்ஷன்ல ஒரு ரூல் கீது மச்சான், எதிர்ல நின்னு பாத்தவங்க ரிப்போர்ட்டை நம்பணும். நம்பினேன்.

ஒம்போதும் வரலன்னா எங்கயோ தப்பு கீதுன்னு, ஒயர் முனை வந்து சேர்ற சொவத்து பிளேட்டு ஊட்ல நீ எத்தனை வெச்சிருக்கேன்னு எண்ணிப் பாத்தேன். ஹால், முன் ரூம், பின் ரூம், சமையக்கட்டு, வராந்தா, மாடி ரூம், மாடிப்படிக்கு அடியில ஒண்ணு, அப்பால சாமி ரூம்ல ஒண்ணு. சாமி ரூமுக்கு எதுக்குடா டிவி? முருகர் உக்காந்து நியூஸ் கேப்பாரா? அது கெடக்கட்டும், மொத்தம் எட்டு பிளேட்டுதான் வருது. ஒயர் ஒம்போது. அந்த ஒம்பதாவது எங்க போவுதுன்னு சொவத்தைத் தட்டிப் பாத்தேன், பீரோவை நகத்திப் பாத்தேன், கக்கூஸ்ல கூட டார்ச் அடிச்சுப் பாத்தேன். தெருவுல போறவங்க நான் பொதையல் தேடறேன்னு நெனச்சாங்க. கடைசியில மொட்டை மாடியில ஈர லுங்கியைக் காயப் போடப் போறேன், கொடி கயிறு கறுப்பா, வழவழன்னு கீது. புடிச்சுகினே போனா கைப்பிடிச் சொவத்துல ஒரு பைப்புக்குள்ள பூருது. ஆன்டெனாவுக்குன்னு நீ வுட்ட ஒயர்! ரெண்டு வருஷமா உங்க அக்கா அதுல துணி காயவெச்சிகினு கீறா. நல்ல ஒயர்தான், தொய்யவே இல்ல, அதை மட்டும் நான் ஒத்துக்கறேன்.

அடுத்த நாள் வேற முறையில இறங்கினேன். ஒயரோட ரெண்டு முனையில ஒண்ணுல பேட்டரி, இன்னொண்ணுல டார்ச் பல்ப். பல்ப் எரிஞ்சா அதே ஒயர். இதுக்கு உங்க அக்கா வேணாம், ஆம்பளை ஒருத்தன் வேணும்னு கன்னியப்பனைக் கூப்பிட்டேன். அவரு இருபத்தாறு வருஷம் கண்டக்டரா இருந்து ரிடையர் ஆனவரு, இன்னும் விசிலைக் கழுத்துல மாட்டிகினுதான் மார்க்கெட்டுக்குப் போறாரு. பரணுக்கும் பின் ரூமுக்கும் கத்தினா தொண்டை போயிடும்னு அவரே ஒரு யோசனை சொன்னாரு. பல்ப் எரியலன்னா ஒத்தை விசில், எரிஞ்சா ரெட்டை விசில். நல்ல யோசனைதான். நான் மேலே ஒயர் ஒயரா பேட்டரியை வெச்சிகினே போறேன், கீழேயிருந்து விசில் வந்துகினே கீது. என் நோட்டுல குறிச்சுப் பாத்தா ஒம்போது ஒயருக்கும் ரெட்டை விசில். ஒம்போதும் பின் ரூமுக்கே போவுதா? எறங்கி வந்து இன்னாய்யா இதுன்னு கேட்டேன். "நீ ஒயரை வெச்சதும் ஒண்ணு அடிச்சேன் அண்ணாத்தே. அப்பால நீ அடுத்ததுக்குப் போகணும்ல, அதுக்கு ரெண்டு அடிச்சு ரைட் குடுத்தேன். ஸ்டாப்பிங்குல நிறுத்திட்டு ரைட் குடுக்கலன்னா வண்டி எப்படி எடுப்பே?"ன்றாரு. அவரு முன்னாடி அடிச்ச ஒத்தை விசிலை, மனுஷன் மூச்சு சரி பாக்கறாருன்னு நெனச்சுட்டேன். சரி, பல்ப் எப்போ எரிஞ்சுதுன்னு கேட்டேன். "ஒரு தபா எரிஞ்சுது, இல்லன்னு சொல்லல. எதுக்குன்னு கேட்டா, நான் விசில் அடிப்பேனா, பல்பைப் பாப்பேனா?"ன்றாரு. ஆக, ஒரே சரக்கு. ஒரு ஆளு ஒம்போதையும் ரிஜெக்ட் பண்றாங்க, இன்னொரு ஆளு ஒம்போதையும் பாஸ் பண்றாரு. கம்பெனியில இப்படி ரிப்போர்ட் வந்தா ரெண்டு பேருக்குமே மெமோ குடுத்திருப்பேன். ஊட்ல யாருக்கு மெமோ குடுக்கறது?

இனிமே யாரையும் நம்பக்கூடாதுன்னு நானே தனியா இறங்கினேன். பின் ரூம் பிளேட்டுல பல்பை மாட்டிட்டு, பரணுக்கு ஏறி ஒரு ஒயர்ல பேட்டரியை வெச்சுக் கட்டிட்டு, எறங்கி வந்து எரியுதான்னு பாக்கறது. எரியலன்னா மறுபடி ஏறி அடுத்த ஒயரு. இப்படியே முன் ரூமு, சமையக்கட்டுன்னு ஒரு நாப்பது தபா ஏறி எறங்கியிருப்பேன். நாப்பதாவது தபா எறங்கும்போதுதான் எனக்கு ஒண்ணு தோணுச்சு, பேட்டரியைக் கீழ வெச்சுட்டு பல்பை மேல எடுத்துகினு போனா ஒரே ஏத்தத்துல ஒம்போதையும் பாத்துடலாமேன்னு. தோணின அதே நேரத்துல முழங்கால்ல டக்குனு ஒரு சத்தம் வந்துச்சு. எது முதல்ல வந்துச்சுன்னு இப்போ சொல்ல முடியல. ஆனாலும் நான் விடற ஆளா? காலை இழுத்துகினே, ரெண்டு நாள்ல ஒம்போது ஒயரையும் கண்டுபிடிச்சேன். ஒவ்வொண்ணுக்கும் கோந்து தடவி நம்பர் சீட்டு ஒட்டினேன். தனியா ஒரு ரெஜிஸ்டர் போட்டு, ஒண்ணாம் நம்பர் எந்த ரூமு, ரெண்டாம் நம்பர் எந்த ரூமுன்னு கோடு போட்டு, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன். ரிடையர் ஆன அப்பால அன்னிக்குத்தான் மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு, சொல்றதுக்கு இன்னா.

உடனே உத்தமனைக் கூப்பிட்டு, சும்மா சொருவினா கழண்டுடும், பின் வெச்சு முறையா லைனைக் குடுன்னு சொன்னேன். அன்னிக்கு ஆயுத பூஜைக்கு முந்தின நாளு. "சார், ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர் எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வெச்சாச்சு, இனிமே பூஜை முடிஞ்சுதான் கையில எடுப்பேன்"ன்னான். அதுவும் சரிதான், தொழில் பக்தி இருக்கட்டும்னு நானும் வுட்டுட்டேன். மறுநாளு உங்க அக்காவுக்கு எங்கேயிருந்து அவ்வளவு பக்தி வந்துச்சோ தெரியல. கத்தி, அருவாமணை, தையல் மிஷின், என் சைக்கிள், பேபியோட ஜாமெட்ரி பாக்ஸ், இதெல்லாம் வருஷா வருஷம் நடக்கறதுதான். இந்த வருஷம் பரணுக்கும் ஏறிட்டா. நான் மத்தியானம் தூங்கி எழுந்து போய்ப் பாக்கறேன், ஒம்போது ஒயரும் ஈரத்துணியால துடைச்சு பளபளன்னு கீது. ஒண்ணொண்ணுலயும் சந்தனம், அது மேல குங்குமம், கூட ஒரு சாமந்திப்பூ. சீட்டு ஒண்ணுகூட இல்ல. "இன்னாடி இது?"ன்னேன். "அழுக்கா பேப்பர் ஒட்டிகினு இருந்துச்சுங்க, கிழிச்சுப் போட்டேன். கரண்டு சாமானுக்குப் பொட்டு வெக்கலன்னா ஷாக் அடிக்கும்"ன்றா. சரி, ரெஜிஸ்டராவது கீதேன்னு தேடினா அது சரஸ்வதி படத்துக்கு முன்னாடி பொரிகடலைக்கு அடியில கீது, அன்னிக்கு புஸ்தகத்தைப் பிரிக்கக்கூடாதாம். மறுநாளு பிரிச்சேன். அருமையான ரெஜிஸ்டர். ஒண்ணாம் நம்பர் முன் ரூமு, ரெண்டாம் நம்பர் வராந்தா, எல்லாம் சுத்தமா கீது. எந்த ஒயரு ஒண்ணாம் நம்பருன்னு மட்டும்தான் யாருக்கும் தெரியாது.

மறுபடி ஏறிப் பாக்கலாம்னா முழங்கால் பூசணிக்கா மாதிரி வீங்கிப்போச்சு. பூந்தமல்லியில டாக்டர் பாத்துட்டு, ஒரு மாசத்துக்கு ஏணியைக் கண்ணாலகூடப் பாக்காதேன்னுட்டாரு. உத்தமன் தீபாவளி கலெக்ஷன்ல கீறான், வந்தாலும் சொருவிப் பாருங்க சார்னுதான் சொல்லுவான். தீபாவளிக்கு இன்னும் ஒம்போது நாள்தான் கீது. தெருவுல எல்லார் ஊட்லயும் டிவி ஓடுது, ரூமுக்கு ரூம் லைன் இழுத்த எங்க ஊட்ல மட்டும் பின் ரூம் டிவியில புள்ளி புள்ளியா மழை பெய்யுது. சாயங்காலம் ஆனா பேபி கன்னியப்பன் ஊட்டுக்குப் போயிடறா. உங்க அக்கா வாசப்படியாண்ட உக்காந்து மாவு சலிச்சுகினு தெருவையே பாத்துகினு கீறா.

ஆகையால், ஒயரை இழுத்தவன் என்ற முறையில் கீழ்க்கண்ட விவரத்தை நீ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஒன்பது ஒயரில் எது எந்த ரூமுக்குப் போகிறது? அல்லது அதைத் தெரிந்துகொள்ள ஏதாவது வழி வைத்திருக்கிறாயா? ஒரு போஸ்ட் கார்டு போதும். நீ நேரில் வரவேண்டிய அவசியம் இல்லை. வந்தால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டோம், ஆனால் அவசியம் இல்லை. அடையாளம் வைக்காமல் வேலையை முடிப்பது முடிப்பதாகாது என்பதை இனி நீ வேலை செய்யும் இடங்களிலாவது நினைவில் வைத்துக்கொள். வயதில் பெரியவன், சொல்லக் கடமைப்பட்டவன்.

தீபாவளித் திருநாளில் உனக்கும் சொர்ணத்துக்கும் குழந்தைகளுக்கும் எண்ணெயும் சீயக்காயும் கண்ணில் படாமல், வெடி கையில் படாமல், ஸ்வீட்டு மட்டும் வாயில் படுமாறு அந்த முருகன் அருள்புரிய வேண்டிக்கொள்ளும்,

உன் அக்காள் கணவன்,
மு. இராஜசேகரன்
(இன்ஸ்பெக்ஷன், ஓய்வு)

பி.கு. – 15ஆம் தேதி, ஞாயிறு. மேலே உள்ளதில் என் முழங்கால் நீங்கலாக மற்றதையெல்லாம் ரத்தானதாகக் கருதிப் படிக்கவும்.

நேத்து ராத்திரி கவரை ஒட்டிட்ட அப்பாலதான், உன் விலாசமே எனக்குத் தெரியாதுன்னு ஞாபகம் வந்துச்சு. கிரகப்பிரவேசத்தப்போதான் நீ ஆவடிக்கு ஊடு மாத்தினே, எந்தத் தெருன்னு நான் கேட்டுக்கவே இல்ல. காலையில உங்க அக்காவாண்ட, "ஜம்புலிங்கத்தோட அட்ரஸ் கீதா?"ன்னேன். ரெண்டு வருஷத்துல உன் பேரு இந்த ஊட்ல வெளியில வந்தது அதான் முதல் தபா. தோசைக் கரண்டியைக் கையில வெச்சிகினே ஓடிப்போய்ப் பெட்டியைத் தெறந்தா. அடியில இருந்து நம்ம கிரகப்பிரவேசப் பத்திரிகையை எடுத்து, பின்பக்கத்தைக் கையால மறைச்சுகினு, "நான் படிக்கறேன், நீங்க எழுதிக்கோங்க"ன்னா. என்கிட்டயா? "குடு இப்படி"ன்னு வாங்கினேன். அடியில உன் அட்ரஸ். அதுக்கு மேல உன் கையெழுத்து. 'மாமாவுக்கு. ஒயர் முனையாண்ட பிளேடால வெட்டு போட்டிருக்கேன். ஒரு வெட்டு ஹால், ரெண்டு வெட்டு முன் ரூம், மூணு வெட்டு பின் ரூம்...' இப்படியே ஒம்போது வெட்டு மொட்டை மாடி ஆன்டெனா வரைக்கும். கடைசியில, 'சீட்டு ஒட்டினா போயிடும் மாமா, வெட்டு போகாது'ன்னு. பந்திக்கு முன்னாடி நீ அவளாண்ட குடுத்து வெச்சதாம்.

அந்த ஒயருங்களை நான் எத்தனை தபா கையில புடிச்சிருப்பேன். சீட்டு கீதா, சீட்டு கீதான்னு பாத்தேனே தவிர ஒயரைப் பாக்கல. அடையாளம் வைக்காதவன்னு உன்னை எழுதினேன்ல, அதை வாபஸ் வாங்கிக்கறேன். ரிஜெக்ட் ஆக வேண்டியது இன்ஸ்பெக்டர்தான்.

உங்க அக்காவே புடவையைச் சொருவிகினு பரணுக்கு ஏறினா. மூணு வெட்டு ஒயரை எடுத்து லைனைச் சொருவினா. தேடவே இல்ல. கண்ணை மூடிகினு எடுத்த மாதிரி எடுத்தா. பின் ரூம்ல பளிச்சுன்னு படம். எனக்கு அப்போதான் ஒண்ணொண்ணா வெளங்க ஆரம்பிச்சுது. "அன்னிக்கு ஒம்போதுக்கும் வரலன்னியே?"ன்னேன். "ஆறாவதுக்கு வந்துச்சு. நல்லா வந்துச்சு"ன்னா. "சீட்டை அழுக்குன்னு கிழிச்சியா?" "கோந்து நல்லா ஒட்டியிருந்துச்சுங்க, நகத்தால சுரண்டித்தான் எடுத்தேன்." டிவி ஓடினா படிப்பு ஏறலன்னியான்னு பேபியைக் கேட்டா, "நானா? டிவி ஓடினாத்தான்பா எனக்குக் கணக்கே வரும்"ன்றா. கன்னியப்பன் விசில் ஒண்ணுதான் உங்க அக்கா செஞ்சது இல்ல. அது அவரோட சொந்த முயற்சி.

இன்னாத்துக்குடி இவ்வளவும்னு கேட்டேன். "இந்தப் பத்திரிகையை நான் போன மாசமே குடுத்திருந்தா நீங்க அவனுக்கு எழுதியிருப்பீங்களா?"ன்னா. அப்பால அழுதா. ரெண்டு வருஷமா வெச்சிருந்ததை மொத்தமா அழுதா, அடுப்புல மறந்த தோசை கரியாகிப் பொகையற வரைக்கும். நான் போய் அடுப்பை நிறுத்தினேன்.

ஜம்பு, ஒயரைப் பத்தி இல்லாம ஒண்ணு எழுதறேன். அன்னிக்கு நான் சொன்னது தமாஷ் இல்ல. பதினேழு நாளும் நீ சொவத்தை வெட்டினதை நான் பக்கத்துல நின்னு பாத்தவன். உன் கை கொப்புளிச்சதையும், மத்தியானம் சாப்பாட்டைக் கையால பிசைய முடியாம ஸ்பூன் கேட்டதையும் பாத்தவன். எல்லாம் தெரிஞ்சுகினே பத்து பேரு எதிர்ல சிரிச்சேன். தப்பு என்னுது.

இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, தபால் பெட்டியைத் தெறக்க மாட்டாங்க. நாளைக்குப் போட்டா உன் கைக்கு வர புதன் ஆகும், அது வரைக்கும் உங்க அக்காவை எதிர்ல வெச்சிகினு என்னால உக்கார முடியாது. அதனால பஸ் ஏறி நானே எடுத்துகினு வந்துட்டேன். இந்த வரியை உங்க ஊட்டு ஸ்டூல்ல உக்காந்து எழுதறேன். நீ யார் ஊட்டுக்கோ தீபாவளி சீரியல் லைட்டு போடப் போயிருக்கே, வந்துடுவேன்னு சொர்ணம் சொல்லுச்சு, காப்பி குடுத்துச்சு. நேர்ல பாத்தா எனக்கு வாய் வராது, அதான் கவரை உன் கையில குடுத்துட்டு எதிர்ல சும்மா உக்காந்துகினு கீறேன். நடுவுல நிமிந்து என் மூஞ்சைப் பாக்காதே, முழுசா படி. உங்க அக்கா மத்தியானமே கறி வாங்கி வெச்சுட்டா, நாம போற வரைக்கும் வாயில தண்ணி ஊத்தமாட்டா. சொர்ணமும் குழந்தைங்களும் கெளம்பித் தயாரா கீறாங்க, நீதான் பாக்கி.

படிச்சுட்டியா? சட்டையை மாட்டு, போலாம்.